டாங்கிக்கும் காற்று வேண்டும்

துரைமார் காலத்தில், 1934 இல் தொடங்கிய மாகாஸ்தோட்ட மலையேற்றப் போட்டியில் இன்று நம் தோட்டத்துப் பிள்ளைகளான நீங்களும் ஸ்பேனரோடு நிற்கிறீர்கள். ரதெல்ல மலையேற்றப் போட்டியிலும் அப்படித்தான். பார்க்க மனம் நிறைகிறது. டர்போவும் பெரிய இன்ஜெக்டரும் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். ஆனால் ஏப்ரல் சீசனுக்கு முன் வரும் கார்களின் டிக்கியைத் திறந்தால், புது டாங்கிக்குக் காற்றுக்குழாய் பூட்டியிருக்கும் விதம் வயிற்றைக் கலக்குகிறது. தம்பிமாரே, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. எவ்வளவு பெற்றோல் வெளியே போகிறதோ, அவ்வளவு காற்று உள்ளே வர வேண்டும். 300 குதிரைவலு டர்போ எஞ்சின் முழு இழுவையில் நிமிஷத்துக்கு ஒன்றரை, இரண்டு லீற்றர் குடிக்கும். காற்று வர வழியில்லையென்றால் டாங்கிக்குள் வெற்றிடம் பிடிக்கும். பம்ப் பெற்றோலோடு ஆவியையும் சேர்த்து இழுக்கும், பிரஷர் விழும், கலவை மெலிந்து பிஸ்டன் உருகும். கார் கொஞ்ச தூரம் ஒழுங்காக ஓடி, ஏற்றத்தில் திணறி நின்று, சற்று ஆறவிட்டதும் மறுபடி ஸ்டார்ட் ஆகிறதா? உடனே பம்பை மாற்ற ஓடாதீர்கள். எஞ்சினை நிறுத்தி, டாங்கி மூடியை மெல்லத் திருகுங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டால் வியாதி அங்கேதான்.

2. நம்முடையது மலை என்பதை மறக்கக்கூடாது. கொழும்பில் காற்றழுத்தம் ஏறக்குறைய 1013 மில்லிபார். 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் 810 அளவுதான், அதாவது ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கீழே இறுக அடைத்த டாங்கியை லொறியில் ஏற்றி, கினிகத்தேனை, ஹட்டன் வழியாக மேலே கொண்டு வந்தால், 30 சென்ரிமீற்றர் சதுரத் தகட்டின் மீது இந்த வித்தியாசம் மட்டும் 180 கிலோ அளவுக்கு உள்ளிருந்து தள்ளும். குளிரில் அது கொஞ்சம் தணியும். அதை நம்பி இருக்க முடியாது. மெல்லிய அலுமினியத் தகட்டு டாங்கி வயிறு உப்பி, மூலை வெல்டிங்கில் கசியத் தொடங்கும். மேலே வந்து அடைத்துக்கொண்டு இறங்கினால் எதிர்மாறாக ஒடுங்கும். போட்டி ஓட்டம் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். டாங்கிக்கு உண்மையான சோதனை இந்தப் பயணம்தான்.

3. குழாய் டாங்கியின் ஆக உயர்ந்த இடத்தில் தொடங்கட்டும். அங்கிருந்து மேலே ஏறி, டாங்கிக்கு மேலாக மறுபக்கம் போய், பிறகு தரைத்தகட்டைத் துளைத்து காருக்கு வெளியே கீழே இறங்கட்டும். இடையில் தொங்கல் இருக்கக்கூடாது. அங்கே பெற்றோல் தேங்கினால் காற்று போகாது. சைலன்சர் பக்கம் போகவே வேண்டாம். டிக்கிக்குள்ளேயே குழாயை முடித்துவிடுவதை நான் பல கார்களில் பார்த்திருக்கிறேன். ஆவி முழுவதும் சாரதியின் முதுகுக்குப் பின்னால் சேரும். தண்ணீர்க் குழாய்க் கடையில் வாங்கிய, கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் குழாயும் வேண்டாம். சில மாதத்தில் மஞ்சளாகி, விறகுபோல் விறைத்து, கிளிப் கடித்த இடத்தில் மயிரிழையாக வெடித்திருக்கும். பெற்றோலுக்கென்றே செய்த ஹோஸ் வாங்குங்கள். ஆயிரக்கணக்கில் செலவழித்து டர்போ போடுகிறவர்கள் இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

4. கார் கவிழ்ந்தால் தானாக அடைபடும் வால்வு கட்டாயம். சர்வதேச மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்.ஐ.ஏ.யின் விதிகள் பந்தயக் கார் டாங்கியின் காற்றுக்குழாய்க்கு இந்தக் கவிழ் வால்வைக் கேட்கின்றன. கூடவே மிதவை வால்வும், அது மூடியிருக்கும்போது 200 மில்லிபாருக்குள் அழுத்தத்தை வெளிவிடும் வால்வும். கவிழ் வால்வைச் செங்குத்தாகப் பூட்ட வேண்டும். புதிதாக வாங்கியதும், பெற்றோல் படுவதற்கு முன், வாயால் ஊதிப் பாருங்கள். நிமிர்த்திப் பிடித்தால் காற்று போகும், தலைகீழாகப் பிடித்தால் நிற்கும். நிற்காவிட்டால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள்.

5. பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு ஊர்ந்து கராஜ் குழிக்குள் இறங்கிப் படுத்துக்கொள்ளும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கலந்தாலே பற்றும். நுவரெலியாக் குளிரில் பற்றாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையிலும் பற்றக்கூடிய ஆவி அதிலிருந்து கிளம்பும். நம்மில் பலர் லயத்து வாசலில்தான் வேலை செய்கிறோம். நாலு அடி தள்ளி அடுத்த வீட்டு விறகடுப்பு எரியும், பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்து நிற்பார்கள். டாங்கியில் கை வைக்கும் நாளில் காரை வெட்டவெளிக்குத் தள்ளிக்கொண்டு போங்கள், பற்றரி வயரைக் கழற்றுங்கள், பிள்ளைகளை அனுப்பிவிடுங்கள். பழைய டாங்கி காலியாகத்தானே இருக்கிறது என்று வெல்டிங் வைக்க வேண்டாம். நிறைந்த டாங்கியைவிடக் காலி டாங்கியே வெடிக்கும்.

6. கழுத்துவரை நிரப்பாதீர்கள். விடியற்காலைக் குளிரில் 40 லீற்றர் அடித்து, 20 பாகை கூடுதலான அவிசாவளை வெயிலில் நிறுத்தினால், முக்கால் லீற்றர் அளவுக்குப் பெருகும். மிஞ்சுவது காற்றுக்குழாய் வழியாகத்தான் வழியும்.

7. வெளி முனையில் மெல்லிய பித்தளை வலை போடுங்கள். சேறு மட்டுமல்ல, குளவியும் எதிரி. கார் சில வாரம் சும்மா நின்றால் போதும், மண்கூடு கட்டும் குளவி அந்த ஓட்டைக்குள் குடியேறிவிடும். கம்பியால் சுரண்டினால் காய்ந்த மண்ணும், குஞ்சுக்காக அது அடைத்து வைத்த சிலந்திகளும் உதிரும். சீசனுக்குச் சீசன் சுரண்டிப் பாருங்கள்.

8. ரோட்டிலும் ஓடும் கார் என்றால், கம்பனி வைத்த கரி டப்பாவைக் கழற்றாதீர்கள். ஆவியை அது பிடித்து வைத்து எஞ்சினுக்கே திருப்பிக் கொடுக்கும். பெற்றோல் திரவமாக அதற்குள் போனால் கரி கெட்டுவிடும். ஆகவே 4 ஆவதும் 6 ஆவதும் அதற்கும் பொருந்தும்.