பங்கு மட்டும் போதுமா?

ஒரு நிறுவனம் சிறப்பாக இயங்க அதை எப்படி அமைக்க வேண்டும்? எங்கள் சூரியநெல்லிக்கு அருகிலுள்ள மூணாறிலேயே இதற்கு ஒரு பாடம் உண்டு.

2005-இல் டாட்டா டீ நிறுவனம் மூணாறுத் தோட்ட நிர்வாகத்தை விட்டு விலகியபோது, கண்ணன் தேவன் மலைத்தோட்டக் கம்பெனி உருவாயிற்று. 12,000-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் அதில் பங்குதாரர் ஆனார்கள். உடைமை உணர்வு வந்தால் உழைப்பு பெருகும் என்பது நல்ல எண்ணமே.

ஆனால் 2015 செப்டம்பரில் போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைந்ததும், கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்கள் சாலையில் அமர்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களையும் அருகில் விடவில்லை. 'பெம்பிளை ஒருமை' என்று பெயர் பெற்ற அப்போராட்டம், ஒன்பது நாளில் கருணைத் தொகையும் சேர்த்து 20 சதவீதத்தைப் பெற்றுத் தந்தது. அதாவது, கையில் பங்கு இருந்தும் குரல் மேலே போய்ச் சேர வழியில்லை.

ரயில்வேயில் நான் கண்ட அமைப்பு வேறு. தண்டவாளத்தை நாள்தோறும் நடந்து பார்க்கும் கீமேன் கடைநிலை ஊழியர்தான். ஆனால் விரிசல் கண்டால் சிவப்புக் கொடி காட்டி எந்த எக்ஸ்பிரஸையும் நிறுத்திவிடுவார். என்ஜினீயரின் அனுமதிக்குக் காத்திருக்க மாட்டார்.

குறையை முதலில் காண்பவருக்கே அதைச் சொல்லவும் நிறுத்தவும் உரிமை வேண்டும். நம் சங்கங்களுக்கும் இது பொருந்தும், அன்பர்களே!