முதலில் பழைய எக்ஸ்ரே அறையைக் கேள்

நிலக்கோட்டை

அன்புள்ள தம்பிக்கு,

எம்.எஸ். ஆர்த்தோ தேறியதற்குப் போனிலேயே வாழ்த்துச் சொல்லிவிட்டேன். இந்தக் கடிதம், போனை வைக்கும் முன் நீ போகிறபோக்கில் கேட்டாயே, அந்தக் கேள்விக்காக. "எண்டோஸ்கோப்பியை மூன்று மாதத்தில் கற்றுக் கொடுக்கிறார்கள் சார். எஃப்.என்.பி. ஸ்பைன் ஃபெல்லோஷிப் என்றால் இரண்டு வருஷம். கூன் நிமிர்த்துகிற பெரிய ஆபரேஷன் எல்லாம் நான் செய்யப்போவதில்லை. திண்டுக்கல்லில் உட்கார்ந்து ஜவ்வு விலகலுக்குத்தான் பார்க்கப்போகிறேன். அதற்கு எதற்கு இரண்டு வருஷம்?"

கேட்கும்போது நியாயமாகத்தான் தோன்றுகிறது. எரிச்சல் வருவதும் அதனால்தான். வத்தலக்குண்டு சாலையில் போனால் பலகை வைத்திருக்கிறார்கள்: தையல் இல்லை, தழும்பு இல்லை, மறுநாளே வீடு. வலியில் துடிப்பவர் அதை நம்பினால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். தண்டுவடத்தைக் கையால் தொட்டுப் படித்த நீயும் அதையே வேறு வார்த்தையில் சொன்னால் என்ன செய்வது?

வெட்டு சிறிதென்றால் தோலுக்கும் தசைக்கும்தான் அது சிறிது. நரம்பின் பக்கத்தில் போய்விட்டால், திறந்து செய்தபோது என்ன ஆபத்து இருந்ததோ அது அப்படியே இருக்கிறது. எண்டோஸ்கோப் நுழையும் வழியான கம்பின் முக்கோணத்தின் மூன்று பக்கத்தையும் நீ வைவாவில் ஒப்பித்திருப்பாய், அதை விடு. வயதான ஒருவருக்கு ஃபேசட் மூட்டு தடித்து, அடையாளமெல்லாம் மறைந்து, 18 மில்லிமீட்டர் குழாயின் அடியில் மஞ்சள் தசைநார் மட்டும் தெரிகிறது. இது எந்த மட்டம்? ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்பு சேக்ரத்தோடு ஒட்டிப் பிறந்தவராக இருந்தால் நீ எண்ணியது சரிதானா? தண்டுவட உறையான டியூரா கிழிந்து நீர் கொட்டினால் அந்தக் குழாய்க்குள் தையல் போட உன் கை பழகியிருக்கிறதா? பழகவில்லை என்றால் குழாயை எடுத்துவிட்டுத் திறக்க வேண்டும். குழாய் மட்டுமே கற்றவனுக்கு அங்கேதான் வியர்க்கும்.

மிக்ஸ்டரும் பாரும் 1934இல் விலகிய ஜவ்வுக்கும் கால் வலிக்கும் உள்ள தொடர்பை எழுதினார்கள். யாசர்கிலும் காஸ்பரும் 1977இல் நுண்ணோக்கியைக் கொண்டுவந்தார்கள். ஃபோலியும் ஸ்மித்தும் 1997இல் குழாய் வழியே எண்டோஸ்கோப்பை நுழைத்தார்கள். வெட்டைச் சுருக்கியவர்கள் எல்லோரும் திறந்த ஆபரேஷனில் ஊறியவர்கள். எதை விட்டுவிடலாம் என்பது முழுவதையும் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

கை பழகுவதற்குத்தான் இரண்டு வருஷம் என்று எடுத்துக்கொள்ளாதே. உன் கைக்கு ஒரு வருஷமே போதும், அது எனக்குத் தெரியும். மீதி நாள், யாருக்குக் கத்தி வைக்கக் கூடாது என்று கற்றுக்கொள்ள.

நம் ஊர்ப் பூ மார்க்கெட்டையே எடுத்துக்கொள். விடியும் முன்னே குனிந்து மல்லிகை பறிப்பவர்களில் முதுகு வலிக்காதவர் யார்? ஸ்கேன் கவரைத் தூக்கிக்கொண்டு என் திண்ணைக்கு வருகிறார்கள். "ஜவ்வு ரெண்டு எடத்துல விலகியிருக்காம் சார், ஆபரேஷன் பண்ணணுங்கிறாக." கால் விரலைத் தூக்கச் சொன்னால் தூக்குகிறார்கள், காலை நீட்டி உயர்த்தினாலும் வலி இறங்கவில்லை. ஸ்கேன் தாளில் மட்டும் பெரிய வியாதி. வலியே இல்லாதவர்களைப் படம் எடுத்த ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஒரு கட்டுரை வந்தது: ஜவ்வு தேய்மானம் 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம், 80 வயதுக்காரர்களில் 96 சதவீதம். தேய்ந்ததை எல்லாம் எடுப்பதென்றால் ஊரில் ஒருவர் மிஞ்ச மாட்டார்.

நார்வேயில் வெபர் செய்ததையும் படி. ஆபரேஷன் செய்வதா வேண்டாமா என்று உறுதியாகச் சொல்ல முடியாத 126 பேரை இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதிக்கு ஆபரேஷன், மறுபாதிக்கு இல்லை. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் ஆபரேஷன் செய்தவர்கள் தெளிவாக நன்றாக இருந்தார்கள். நாலு வருஷத்தில் வித்தியாசம் கணக்கில் நிற்கவில்லை. பத்து வருஷத்தில் போயே போயிற்று. 1983இல் வெளிவந்தது. ஒரு வருஷத்தோடு நிறுத்தியிருந்தால் நமக்கு வேறு பாடம் கிடைத்திருக்கும்.

இங்கே என் பைத்தியத்துக்கு வந்துவிட்டேன், பொறுத்துக்கொள். தண்டுவட வைத்தியத்தில் நம் மாநிலம் உலகத்துக்குக் கொடுத்ததில் மிகப் பெரியது எந்தக் கருவியும் இல்லை, வருஷக்கணக்காக விடாமல் பின்தொடர்ந்து பார்த்ததுதான் என்பது என் கட்சி. சென்னை சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் மருந்து ஆய்வு மையத்தை உனக்குத் தெரியும். நுரையீரல் டி.பி.க்கு சானடோரியம் தேவையில்லை, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டால் போதும் என்று 1959இல் காட்டியவர்கள். நோயாளியின் வீடு தேடிப் போய் மாத்திரை சாப்பிட்டாரா என்று சோதித்தார்கள். அதே பிடிவாதத்தோடு முதுகெலும்பு டி.பி.க்கும் வந்தார்கள்.

அன்று ஹாட்ஜ்சனும் ஸ்டாக்கும் செய்த ஹாங்காங் ஆபரேஷனுக்குப் பெரும் பெயர். முன்பக்கமாகப் போய், அழுகிய எலும்பை முழுக்க எடுத்து, வேறு எலும்பை வைத்து ஒட்டுவது. சென்னை ஆய்வில் ஒரு பிரிவுக்கு அந்த ஆபரேஷனோடு ஆறு மாத மருந்து. இன்னொரு பிரிவுக்கு ஆபரேஷனே இல்லை, நடமாடிக்கொண்டே ஆறு மாத மருந்து. மூன்றாவது பிரிவுக்கு அதே மாதிரி ஒன்பது மாதம். நடக்க முடியாத அளவுக்குக் கால் விழுந்தவர்களைச் சேர்க்கவில்லை, அதை மறக்காதே. பத்து வருஷக் கணக்கு 1999இல் வந்தது. நல்ல நிலையில் இருந்தவர்கள் ஆபரேஷன் பிரிவில் 90 சதவீதம், ஆறு மாத மருந்தில் 94, ஒன்பது மாத மருந்தில் 99. எவ்வளவு பெரிய ஆபரேஷனை மாத்திரை தோற்கடித்தது பார்!

மாத்திரையே போதும் என்று அங்கே புத்தகத்தை மூடியிருக்கலாம். மூடவில்லை. மருந்தில் குணமான குழந்தைகளை டாக்டர் எஸ். ராஜசேகரன் 15 வருஷம் தொடர்ந்து பார்த்தார். கிருமி செத்துவிட்டது, காய்ச்சல் இல்லை, பள்ளிக்கூடம் போகிறார்கள். வெளிநோயாளர் பிரிவில் எல்லோரும் ஒரே மாதிரி. வளர வளரத்தான் பிரிந்தார்கள். 44 சதவீதம் பேருக்குக் கூன் தானாகக் குறைந்தது. 17 சதவீதம் பேருக்குப் பெரிய மாற்றமில்லை. 39 சதவீதம் பேருக்கு, நோய் ஓய்ந்த பிறகும் வளர்ச்சி நிற்கும்வரை கூன் ஏறிக்கொண்டே போனது. இவர்களை முன்கூட்டியே எப்படிப் பிடிப்பது?

பழைய எக்ஸ்ரேக்களை வரிசையாக அடுக்கிப் பார்த்து நாலு அடையாளம் எடுத்தார். பின்பக்க ஃபேசட் மூட்டுகள் பிரிந்து நிற்பது. நொறுங்கிய துண்டு பின்னால் தள்ளப்படுவது. மேல் எலும்பு பக்கவாட்டில் நகர்வது. நாலாவது, சாய்ந்து கவிழ்வது. அந்த நாலாவதை நீயே செய்து பார். பக்கவாட்டுப் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டு. நோய்க்குக் கீழே உள்ள முதல் நல்ல முள்ளெலும்பின் முன்முகத்தை ஒட்டிப் பென்சிலால் மேலே ஒரு கோடு இழு. அது மேலே உள்ள முதல் நல்ல எலும்பின் அடிப்பரப்பை வெட்டினால் இப்போதைக்குப் பயமில்லை. அதன் முன்முகத்தில் பாதிக்கும் மேலே போய் வெட்டினால் அந்த எலும்பு கவிழ்ந்துவிட்டது. ஒரு அடையாளத்துக்கு ஒரு மதிப்பெண். இரண்டைத் தாண்டினால் குழந்தையை விடாதே. 2001இல் வந்த இந்தக் கட்டுரைக்கு ஒரு ஸ்கேல், ஒரு பென்சில், 15 வருஷப் பொறுமை, இவைதான் கருவி.

அதற்கு முன்பே, 1987இல், அவரும் டி.கே. சண்முகசுந்தரமும் ஒரு சூத்திரம் கொடுத்திருந்தார்கள். எத்தனை எலும்பு கரைந்திருக்கிறது என்பதைப் பத்தில் ஒரு பங்கு துல்லியத்தில் அளந்து, 30.5ஆல் பெருக்கி, 5.5 கூட்டு, கடைசியில் நிற்கப்போகும் கூனின் கோணம் வரும். ஒன்றரை எலும்பு போயிருந்தால் 51 டிகிரி. முதல் நாளே தெரிந்துவிடுகிறது!

இதையெல்லாம் ஜவ்வு விலகல் பார்க்கப்போகிற உனக்கு ஏன் சொல்கிறேன்? உன் கதவைத் தட்டுகிற நோயாளி, வியாதியின் பெயரை நெற்றியில் எழுதிக்கொண்டு வர மாட்டார். இரவில் வலி, மாலையில் காய்ச்சல், எடை குறைவு என்று ஒரு கல்லூரிப் பையன் வருவான். ஸ்கேனில் ஜவ்வும் விலகியிருக்கும். மூன்று மாதம் கற்றவன் டி.பி.யை விட்டுவிட்டு ஜவ்வை எடுப்பான்.

கருவிக்கு நான் எதிரி என்று நினைத்துவிடாதே. வளைந்த முதுகில் மார்பு முள்ளெலும்புகளுக்கு ஸ்க்ரூ போடுவதைக் கோவை கங்கா மருத்துவமனையில் கணினி வழிகாட்டலோடும் அது இல்லாமலும் ஒப்பிட்டு 2007இல் வெளியிட்டார்கள். சும்மா போட்டதில் 23 சதவீதம் எலும்புச் சுவரைத் தாண்டியது. வழிகாட்டலில் 2 சதவீதம். தண்டுவடம் ஒட்டி ஓடும் இடத்தில் இந்த வித்தியாசம் லேசானதில்லை. அவர்களுக்கு இது எப்படித் தெரிந்தது? போட்ட ஸ்க்ரூவைத் திரும்பப் படம் எடுத்து எண்ணினார்கள். எண்ணாத இடத்தில் எல்லா ஸ்க்ரூவும் சரியாகத்தான் போயிருக்கும்!

சமீபத்தில் டோரதி கிளார்க் வில்சன் எழுதிய மேரி வர்கீஸ் வாழ்க்கையை மறுபடி படித்தேன். 1963இல் வந்த புத்தகம். வேலூர் சி.எம்.சி.யில் இளம் டாக்டராக இருந்தபோது 1954இல் கார் விபத்து. இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அதற்கென்று ஒரு துறையையே உண்டாக்கினார். தண்டுவட டாக்டர் ஆகிற யாரும் அங்கே கொஞ்ச நாள் நிற்க வேண்டும் என்பேன். ஆபரேஷனுக்குப் பிறகும் நடக்காதவருக்குப் படுக்கைப்புண் வராமல் எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது, சிறுநீர்க் குழாயை அவரே போட எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று பார். தியேட்டரில் இதைக் காட்ட மாட்டார்கள்.

வார இறுதிப் பட்டறைகளைப் பற்றி என்னிடம் கேட்காதே. சனிக்கிழமை சடலத்தில் குழாய் வைத்து, ஞாயிற்றுக்கிழமை சான்றிதழ் வாங்கி, திங்கட்கிழமை பலகையில் எழுதிக்கொள்கிறார்கள். கற்றதைப் புதுப்பிக்க அது நல்ல இடம்; கற்க அல்ல.

இன்னொன்று. குழாய் வேலையில் கண்ணுக்குப் பதில் சி-ஆர்ம் எக்ஸ்ரேதான் பார்க்கிறது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் கதிர் உன் மேலும் படுகிறது. கழுத்துக் காப்பையும் சேர்த்துப் போடு. மார்பில் குத்துகிற கதிர் அளவுமானியை அலமாரியில் தொங்கவிடாதே. சீனியர் போடவில்லை என்பதற்காக நீ போடாமல் இருக்க வேண்டாம்.

ஆக, இரண்டு வருஷ எஃப்.என்.பி.க்கே எழுது. எண்டோஸ்கோப்பி அதற்குள்ளேயே வரும். வராவிட்டால் பிறகு ஆறு மாதம் தனியாகப் போ, அப்போது நான் தடுக்க மாட்டேன். கோவையோ வேலூரோ வடக்கே வேறு எங்கோ, ஊர் உன் இஷ்டம். நேர்காணலுக்குப் போகும்போது தியேட்டரில் எத்தனை லட்சத்துக்கு மைக்ராஸ்கோப் இருக்கிறது என்று கேட்காதே. ஐந்து வருஷத்துக்கு முன் ஆபரேஷன் செய்தவர்களின் எக்ஸ்ரேயைக் காட்ட முடியுமா என்று கேள். போன மாதம் வந்தவர்களில் எத்தனை பேரை ஆபரேஷன் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினீர்கள் என்றும் கேள். இரண்டுக்கும் பதில் சொல்லத் தடுமாறினால், பெரிய பெயராக இருந்தாலும் அங்கே சேராதே.

அன்புடன்,
உன் பழைய வாத்தியார்