கடல் மீன் தொட்டிக்கு மூடி: கடையில் செய்யலாம், கணக்கோடு செய்யலாம்

கடைக்கு அழகாக இருக்கட்டும் என்று மீன் தொட்டி வைக்கும் பழக்கம் எமது வியாபாரிகளிடம் நீண்ட காலமாக உண்டு. கப்பி, கோல்ட் பிஷ் என்று நன்னீர் மீனோடு இருந்தவர்களில் சிலர் இப்போது கடல் மீனின் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். 2003இல் வந்த கார்ட்டூன் படத்துக்குப் பிறகு அந்தச் செம்மஞ்சள் கோமாளி மீனைப் பிள்ளைகள் 'நீமோ' என்றே அழைக்கிறார்கள். கடலிலிருந்து நூறு கிலோமீற்றருக்கு மேல் தள்ளியிருக்கும் தெல்தெனியவில் கடல் மீன் வளர்ப்பது ஆசைக் காரியம்தான். ஆசைப்பட்டவர்கள் தொட்டிக்கும் பம்புக்கும் விளக்குக்கும் கணக்குப் பாராமல் செலவு செய்துவிட்டு, மூடி என்று வரும்போது மட்டும் கையைச் சுருக்கிக் கொள்கிறார்கள். நட்டம் தொடங்குவது அங்கேதான்.

முதலில் தண்ணீர்க் கணக்கைப் பார்ப்போம். நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமான தொட்டி 9 கன அடி, அதாவது சுமார் 255 லீற்றர். கல்லும் மணலும் பிடிக்கும் இடம் போக 230 லீற்றர் தண்ணீர் என்று வைத்துக் கொள்வோம். கடல் நீரில் கிலோவுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கும். திறந்த தொட்டியில், மின்விசிறி ஓடும் கடையில், நாளுக்கு 3 லீற்றர் ஆவியாகிப் போனால் வாரத்துக்கு 21 லீற்றர். போவது தண்ணீர் மட்டுமே, உப்பு அப்படியே நிற்கும். ஆகவே ஒரு வாரத்தில் 35 என்பது 38க்கு மேல் ஏறிவிடும். பலர் இந்த இடத்தில் குறைந்த அளவுக்கு உப்பு நீரையே ஊற்றுகிறார்கள். அது கடனை அடைக்கக் கடன் வாங்குவது போன்றது. குறைந்ததற்கு நன்னீரைத்தான் ஊற்ற வேண்டும். குளோரின் போன நன்னீர்.

உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. புத்தளம், அம்பாந்தோட்டை உப்பைக் கரைத்தால் கடல் நீராகிவிடாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆகாது. உப்பளத்தில் கல்சியத்தின் பெரும்பகுதி முன்னதாகவே ஜிப்சமாகப் படிந்துவிடுகிறது, மக்னீசியம் கடைசியில் கழிவு நீரோடு போய்விடுகிறது. எமக்குக் கிடைப்பது சமையலுக்கான உப்பு. தொட்டிக்கென்று தயாரித்த உப்பு இறக்குமதிச் சரக்கு. அதன் விலை தெரிந்தவர்கள் தண்ணீரை வீணாக ஆவியாக விடமாட்டார்கள்.

அடுத்தது மீன். கடல் மீன்களில் பல பயந்தால் துள்ளும். இரவில் திடீரென விளக்கு அணைந்தாலோ, பெரிய மீன் விரட்டினாலோ, காலையில் கடை திறக்கும்போது அது தரையில் காய்ந்து கிடக்கும். குளத்தில் வளர்த்துப் பெருக்கிய கப்பி அல்ல இது. விற்பனைக்கு வரும் கடல் அலங்கார மீன்களில் மிகப் பெரும்பாலானவை சுழியோடிகள் பவளப் பாறைகளில் இறங்கி உயிரோடு பிடித்தவை. 1998இல் கடல் வெப்பம் கூடிப் பவளங்கள் வெளிறியபோது எமது நாட்டின் பாறைகள் பெரும் சேதம் கண்டன. அங்கிருந்து எடுத்த உயிரை ஒரு மூடிக்காகச் சாகவிடுவது காசு நட்டம் மாத்திரமல்ல. பூனையைக் கட்டிப் போட்டுப் பட்டினியால் கொன்ற பெண்ணைப் பற்றிய ஹதீஸ் நாம் மத்ரஸாவில் ஓதியதுதான். இரவில் பாத்திரங்களை மூடி வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவியதும் எல்லோருக்கும் தெரியும்.

இனி வேலை. மூடி என்றதும் பலர் கண்ணாடித் துண்டு ஒன்றை வெட்டி இறுக்கமாக மூடிவிடுகிறார்கள். அது தவறு. ஒரே வெப்பத்தில் நன்னீரை விடக் கடல் நீர் குறைவாகவே ஒட்சிசனைப் பிடித்து வைக்கும். முழுதாக அடைத்தால் உள்ளே கெட்ட காற்றுத் தேங்கி மீன் மேலே வந்து வாய் பிளக்கும். கொழும்பு போன்ற வெப்பமான இடங்களில் கண்ணாடி மூடி தண்ணீரை இன்னும் சூடாக்கும். மலைநாட்டில் மார்கழி, தை இரவுக் குளிருக்கு அதே மூடி உதவியாகவும் இருக்கும். ஆகவே என் யோசனை, நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு கண்ணாடி, மிகுதிக்கு வலை.

கண்ணாடிக்கு 5 மில்லிமீற்றர் போதும். ஒரே துண்டாக வேண்டாம், இரண்டாக வெட்டுங்கள். தூக்குவதற்கும் உணவு போடுவதற்கும் அதுவே இலகு. விளிம்பை உரைத்துத் தரச் சொல்லுங்கள், கையை வெட்டும். மூடியைத் தொட்டியின் விளிம்புக்கு மேலே வைத்தால் துளிகள் வெளியே வழிந்து, காய்ந்து, வெள்ளை உப்பாகச் சுவரிலும் மேசையிலும் படரும். விளிம்புக்கு ஓர் அங்குலம் கீழே உள்பக்கமாகச் சிறு கண்ணாடித் துண்டுகளைச் சிலிக்கனால் ஒட்டி, அவற்றின் மீது மூடியை லேசான சரிவோடு இருத்துங்கள். துளி திரும்பத் தொட்டிக்குள்ளேயே விழும். சிலிக்கன் வாங்கும்போது பூஞ்சணம் பிடிக்காது என்று விற்கும் குளியலறை வகையைத் தவிர்க்கவும். அந்த மருந்து மீனுக்கு ஆகாது. ஒட்டிய பின் இரண்டு மூன்று நாள் காய விட வேண்டும்.

பேர்ஸ்பெக்ஸ் இலேசானது, உடையாது. ஆனால் அடிப்பக்கம் ஈரத்தை உறிஞ்சி விரிவதால் நாளடைவில் நடுப்பகுதி தொய்ந்து ஓரங்கள் மேலே எழும்பும். பிறகு அந்த இடைவெளியால்தான் மீன் பாயும். அதையே விரும்புபவர்கள் அகலம் குறைந்த கீலங்களாக வெட்டிக் கொள்ளட்டும்.

வலைப் பகுதிக்கு நுளம்பு வலை அடிக்கும் அதே அலுமினியச் சட்டம் பொருந்தும். பூச்சுப் பூசிய சட்டமாக இருக்கட்டும், வெறும் அலுமினியத்தை உப்பு அரித்துவிடும். மூலைக்குப் பிளாஸ்டிக் துண்டு, வலையை இறுக்க ரப்பர் கயிறு. வலை நிறமற்ற நைலோன், கண் 6 மில்லிமீற்றர் அளவில் இருந்தால் வெளிச்சமும் காற்றும் தாராளமாகப் போகும். இரும்பு ஆணியோ கம்பி வலையோ கூடவே கூடாது. துரு இறங்கித் தண்ணீர் கெடும். செம்பும் பித்தளையும் இன்னும் மோசம். இறால், நத்தை வகைகள் செம்பைத் தாங்காது. குழாயும் வயரும் போகும் மூலையை மறந்துவிடாதீர்கள். மீன் கண்டுபிடிப்பது அந்த ஓட்டையைத்தான்.

மின்சாரத்தில் விளையாட்டு வேண்டாம். உப்பு நீர் 230 வோல்ற்றுக்கு நல்ல வழி. விளக்கை மூடியின் மீது படுக்க வைக்காமல் தனியாக உயரத் தூக்கிக் கட்டுங்கள். வயர் பிளக்குக்குப் போகுமுன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும், வழியும் துளி அங்கே சொட்டிவிடும். ட்ரிப் சுவிட்ச் இல்லாத கடையில் கடல் தொட்டியே வைக்கக்கூடாது என்பது என் கருத்து. பிள்ளைகள் கை விடும் இடம் அது.

நுளம்புச் சுருள், நுளம்பு ஸ்ப்ரே இரண்டிலும் இருக்கும் மருந்து மீனுக்குக் கொடிய நஞ்சு. மூடி இருந்தாலும் காற்றுப் பம்பு அந்தப் புகையை இழுத்து உள்ளே ஊதிவிடும். வெள்ளி இரவு சாம்பிராணி போடும் கடைக்காரர்களும் பம்பைச் சற்று எட்ட வைக்கட்டும்.

கண்ணாடி, அலுமினிய வேலை செய்யும் சகோதரர்களுக்கு ஒரு விடயம். ஜன்னல் வெட்டி மிஞ்சும் துண்டுகள் மூலையில் தூசு பிடித்துக் கிடக்கின்றன. அவற்றில் மூடி செய்து விற்கலாம். கண்ணாடி, சட்டம், வலை, ரப்பர், கூலி என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே எழுதிய பின் விலை சொல்லுங்கள். மிச்சத் துண்டுதானே என்று அதன் பெறுமதியை விட்டுவிட்டால் கூலிதான் அடிபடும். தொட்டி விற்பவர்கள் மூடி இல்லாத தொட்டியைக் கடல் மீனுக்கென்று கொடுக்கும்போது, மூடி தேவை என்பதை வாங்குபவரிடம் சொல்லியே கொடுக்க வேண்டும். சரக்கின் குறையை மறைத்து விற்பது எமக்கு ஆகுமானதல்ல.

மூடியை வாரத்துக்கு ஒரு தடவை கழற்றி நன்னீரில் மட்டும் கழுவுங்கள், சவர்க்காரம் வேண்டாம். உப்புப் படிந்த கண்ணாடி வெளிச்சத்தைக் குறைக்கும். தொட்டியின் பக்கக் கண்ணாடியில் நீர் மட்டத்துக்கு ஒரு கோடு போட்டு வையுங்கள். மூடி போட்ட பின்னும் மட்டம் வேகமாக இறங்கினால் இடைவெளி கூடிவிட்டது, அல்லது தொட்டி ஒழுகுகிறது. அடியில் ஒரு காகிதத்தை விரித்து இரவு முழுக்க விட்டுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.