பராக்கிரமபாகு மன்னனும் மலைச்சரிவின் நீரும்

கேகாலை மாவட்டத்துத் தெதிகமையே மகா பராக்கிரமபாகு மன்னன் பிறந்த இடமென ஆராய்ச்சியாளர் கொள்வர். அங்குள்ள கோட்டவெகெர என்னும் தாதுகோபம், அப்பிறப்பின் நினைவாக அம்மன்னனே எழுப்பியதாகக் கருதப்படுகின்றது.

அவன் 1153 முதல் 1186 வரை பொலன்னறுவையிலிருந்து அரசு புரிந்தான். மழைநீர் மக்களுக்குப் பயன்படாது வீணே கடலிற் சேர்தலாகாது என்பது அவன் கொள்கை. 165 அணைகளும், 3,910 வாய்க்கால்களும், 163 பெருங்குளங்களும், 2,376 சிறுகுளங்களும் அவன் அமைத்தவை அல்லது திருத்தியவை எனச் சூளவம்சத்தைக் கொண்டு கணக்கிடுவர். இவற்றுட் பல, முன்னோர் அமைத்துப் பின் பழுதுற்றிருந்தவை. பராக்கிரம சமுத்திரத்தின் அணைக்கட்டு ஏறக்குறைய 14 கிலோமீற்றர் நீளமுடையது.

அம்மன்னன் பெருங்குளங்களை அமைத்த வறண்ட நாட்டில் நீர் அரிது. சப்பிரகமுவாவிலோ நீர் மிகுதி. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கின்றது. இங்கு வீணே கடலிற் சேர்வது நீர் மட்டுமன்று. தேயிலைக்கும் இறப்பருக்கும் உணவூட்டும் மேல்மண்ணும் அதனோடு செல்கின்றது. பல நூற்றாண்டுகளில் உருவான மண்ணை ஒரு பெருமழை கொண்டுபோய்விடும்.

ஆதலால், ஓடும் நீரை நடக்கச் செய்தல் வேண்டும். அதற்குரிய வழிகள்:

1. சரிவுக்குக் குறுக்கே, சிறிது வாட்டமாகக் கான் வெட்டுக. கானினுள் இடையிடையே தாழ்ந்த மண் தடுப்புக்களை விடுக. வண்டல் அங்கே தங்கும். மிகுந்த நீர் தடுப்பின் மேலாக வழிந்து செல்லும்.

2. தங்கிய வண்டலை வாரி, கானுக்கு மேற்புறத்து நிலத்தில் இடுக.

3. வெறுமண்ணை இலைதழைகளால் மூடுக. புதுநடுகையில் வெட்டிவேரை வரிசையாக நடுக.

4. நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரங்கள், புதிதாய்த் தோன்றிய ஊற்று என்பவை காணப்படின் அங்கே நீரைத் தேக்கலாகாது. சரிவின்கீழ் லயங்களில் வாழ்வோர் உடனே விலகி, கிராம உத்தியோகத்தருக்கு அறிவித்தல் வேண்டும். 2016 மே 17 அன்று அரநாயக்காவில் நேர்ந்த மண்சரிவு பல உயிர்களைக் கவர்ந்ததை மறத்தலாகாது.

பராமரிப்பாரின்மையால் அம்மன்னனின் குளங்களும் பிற்காலத்தில் காடு மூடின. ஆண்டுதோறும் மழைக்கு முன் கான்களைத் துப்புரவு செய்யாத தோட்டத்திற்கும் அதுவே கதியாகும். வெட்டிய கானைப் பேணுதலே மண்ணைப் பேணுதல்.