புள்ளி எங்கே போனது?

ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேக்கா பக்கம் போனவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. சிராங்கூன் சாலையின் நடைபாதைகளிலும் அருகிலுள்ள புல்வெளிகளிலும் வெளிநாட்டு ஊழியர்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். பலரின் கையிலும் கைத்தொலைபேசி இருக்கும். ஒருவர் ஊரிலுள்ள வீட்டாருடன் பேசிக்கொண்டிருப்பார். இன்னொருவர் மறுநாள் எந்தக் கட்டுமானத் தளத்துக்குப் போகவேண்டும், எத்தனை மணிக்கு லாரி வரும் என்று நிறுவனத்தின் செயலியில் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த அறிவிப்பு தமிழில் இருக்கும்.

அதைப் பொறியாளர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதியிருக்கலாம். மேற்பார்வையாளர் நேரத்தைத் திருத்தியிருக்கலாம். வேறோர் இடத்திலிருந்து மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழாக்கியிருக்கலாம். மூவரும் ஒரே அறையில் உட்காராமலேயே ஒரே பக்கத்தில் வேலை செய்ய உதவும் இணையத்தளத்தைக் ‘கூட்டுப்பணித் தளம்’ என்கிறார்கள். பெரிய நிறுவனங்கள் பலவற்றில் இப்போது இத்தகைய தளம் இருக்கிறது. ஊழியர் பட்டியல், கூட்டக் குறிப்புகள், பாதுகாப்பு அறிவிப்புகள், விடுப்பு விண்ணப்பம் எல்லாம் அதில்தான். நீங்கள் பள்ளியில் பயன்படுத்தும் மாணவர் கற்றல் தளமும் ஒருவகையில் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

இத்தளங்களை உருவாக்குபவர் இணைய நிரலாளர். உலாவியில் நம் கண்ணுக்குத் தெரியும் பக்கத்தை அமைப்பது அவருடைய வேலையில் ஒரு பாதி. எழுதியவற்றையெல்லாம் சேர்த்து வைத்து, கேட்பவர்க்கு அனுப்பும் வழங்கியைப் பராமரிப்பது மறுபாதி. பொத்தானின் நிறம், படத்தின் அளவு போன்றவற்றைப் பார்த்து இவ்வேலையை எளிது என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அவருக்குத் தலைவலி தருவது வேறொன்று. பலர் ஒரே நேரத்தில் எழுதும்போது ஒருவர் எழுதியது இன்னொருவரால் அழிந்துவிடக் கூடாது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். அறிவிப்புப் பலகையில் “கூட்டம் 3 மணி” என்று இருக்கிறது. ஊழியர் ஒருவர் அதன் தொடக்கத்தில் “நாளை” என்று சேர்க்கிறார். அதே நொடியில் மற்றொருவர் 3 என்பதை 4 என்று மாற்றுகிறார். இடைவெளியையும் ஓர் எழுத்தாக எண்ணினால், 3 என்பது ஆறாவது இடத்தில் இருக்கிறது. ஆகவே, “ஆறாவது இடத்தில் 4 என்று மாற்று” என்னும் கட்டளை வழங்கிக்குப் போகிறது. ஆனால் அதற்குள் “நாளை” முன்னால் நுழைந்துவிட்டது. இப்போது ஆறாவது இடத்தில் இருப்பது ‘ட’. விளைவு: “நாளை கூட்4ம் 3 மணி”. சொல் சிதைந்தது; நேரமும் மாறவில்லை.

இதற்குத் தீர்வு கண்டவர்களுள் முன்னோடிகள் கிளாரன்ஸ் எல்லிஸ், சைமன் கிப்ஸ் ஆகிய இருவர். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் பணியாற்றிய அவர்கள் 1989ஆம் ஆண்டில் ஒரு வழிமுறையை வெளியிட்டார்கள். தாமதமாக வரும் கட்டளையை அப்படியே நிறைவேற்றக் கூடாது. இடையில் என்ன மாறியது என்று பார்த்து, அதற்கேற்பக் கட்டளையைத் திருத்த வேண்டும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் முன்னால் மூன்று எழுத்துகள் சேர்ந்திருப்பதால், “ஆறாவது” என்பதை வழங்கி “ஒன்பதாவது” என்று மாற்றிக்கொள்ளும். எல்லிஸைப் பற்றி இன்னொரு செய்தி: கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் அவர்தான். இந்த ஆய்வை மேலும் வளர்த்தவர்களுள் ஒருவரான பேராசிரியர் சுன் செங்ஜெங், பின்னர் நம் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். இன்று குழுவேலைக்காக நான்கு பேர் நான்கு வீடுகளிலிருந்து ஒரே கூகல் ஆவணத்தில் எழுத முடிகிறதென்றால், அதன் அடியில் இருப்பது இந்தக் கணக்குதான்.

கணக்கு சரி. ஆனால் எதை எண்ணுவது? ஆங்கிலம் மட்டும் தெரிந்த நிரலாளருக்கு இக்கேள்வி எழுவதில்லை. தமிழ் தெரிந்தவருக்கு எழுந்தே தீரும்.

‘தமிழ்’ என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள்? த, மி, ழ் என மூன்று என்று தொடக்கநிலை மாணவரும் சொல்வார். இதே கேள்வியைக் கணினியிடம் கேட்டால், விடை அது பேசும் நிரல்மொழியைப் பொறுத்தது. பைத்தான் மொழி 5 என்கிறது. உலாவிகளில் இயங்கும் ஜாவாஸ்கிரிப்டும் 5 என்றே சொல்கிறது. கோ என்னும் மொழி 15 என்கிறது. ஆப்பிள் நிறுவனத்தின் சுவிஃப்ட் மொழி மட்டும் 3 என்கிறது. எதுவும் தவறாக எண்ணவில்லை. ஒவ்வொன்றும் வெவ்வேறு பொருளை எண்ணுகிறது.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுத்து வைத்திருக்கும் முறை ஒருங்குறி. 1991ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் உண்டு. தமிழுக்கு ஒதுக்கப்பட்ட பகுதியில் மொத்தம் 128 இடங்கள்தாம் இருக்கின்றன. நம்முடைய 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் அதில் கிடையாது. உயிரெழுத்துகளுக்கும், க, ங, ச போன்ற அகரமேறிய எழுத்துகளுக்கும் இடம் உண்டு. மற்றவை கால், கொம்பு, சுழி, புள்ளி போன்ற குறிகளைச் சேர்த்து உருவாகின்றன. ‘மி’ என்பது ‘ம’வும் விசிறியும், ‘ழ்’ என்பது ‘ழ’வும் புள்ளியும். ஆகவே ‘தமிழ்’ ஐந்து குறியீடுகள். ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டையும் சேமிக்க, இணையத்தில் பரவலாக வழங்கும் முறையில் மூன்று பைட் தேவைப்படுகிறது. அதனால்தான் 15.

இலக்கணம் படித்தவர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை தெரியும். மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் பிறக்கிறது என்று படிக்கிறோம். ஒருங்குறியிலோ உயிர்மெய்யாகிய ‘ழ’ முதலில் நிற்கிறது. அதன்மேல் புள்ளியைச் சேர்த்து மெய்யை உருவாக்கவேண்டும். எல்லா எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் தரும் வேறொரு முறையையும் தமிழ் அறிஞர்கள் வகுத்தார்கள். 2010இல் தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியோடு அதையும் தரமாக ஏற்றது. ஆனால் உலாவிகளும் கைத்தொலைபேசிகளும் ஒருங்குறியின் வழியிலேயே போய்விட்டன. நிரலாளர் அதோடுதான் வாழ்ந்தாக வேண்டும்.

இப்போது “கூட்டம் 3 மணி”க்குத் திரும்புவோம். எழுத்துகளாக எண்ணினால் 3 என்பது 6ஆவது இடம். குறியீடுகளாக எண்ணினால் 9ஆவது. பைட்டுகளாக எண்ணினால் 23ஆவது. உலாவி ஒருவிதமாகவும் வழங்கி வேறுவிதமாகவும் எண்ணினால் என்னாகும்? ஒருவர் மட்டும் எழுதும்போதுகூட, திருத்தம் போய் வேறோர் எழுத்தின்மேல் விழும். ஆங்கிலத்தில் மூன்று எண்ணிக்கையும் பெரும்பாலும் ஒன்றே என்பதால், ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்த்தவருக்கு இப்பிழை கண்ணில் படாது.

வேறொரு சிக்கலும் உண்டு. ‘கொடி’ என்னும் சொல்லில் ‘க’வுக்கும் அதன் குறிக்கும் நடுவே கணினியைப் பொறுத்தவரை ஓர் இடம் இருக்கிறது. அங்கே இன்னொருவரின் எழுத்து நுழைந்துவிட்டால், ‘க’ தனியாகிவிடும். கொம்பும் காலும் ஒரு புள்ளிவட்டத்தின் இருபுறமும் அநாதையாக நிற்கக்கூடும். அந்தப் புள்ளிவட்டத்தை நீங்களும் எங்கேனும் பார்த்திருப்பீர்கள்.

பெயர்களில் நேரும் பிழை இன்னும் வருத்தம் தருவது. ஊழியர் பட்டியலில் பெயருக்கு 15 இடங்கள் போதும் என்று நிரலாளர் முடிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘மீனாட்சிசுந்தரம்’ என்னும் பெயரில் ஒன்பது எழுத்துகளே உள்ளன. தாராளமாகப் பொருந்த வேண்டும். ஆனால் அதில் 16 குறியீடுகள் இருக்கின்றன. பதினாறாவது குறியீடு என்ன? கடைசிப் புள்ளி. கணினி அதை வெட்டிவிட்டு ‘மீனாட்சிசுந்தரம’ என்று சேமித்துக்கொள்ளும். பெயருக்கு உரியவர் திருத்தித் திருத்தி அனுப்புவார். புள்ளி ஒவ்வொரு முறையும் காணாமல் போகும்.

தேடுவதிலும் இதே கதை. ‘கொ’ என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ‘க’வோடு ஒரே குறியாக, அல்லது கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. ஒருவர் முதல்வகையில் எழுதியதை, மற்றவர் இரண்டாம் வகையில் தேடினால் “கிடைக்கவில்லை” என்று வரும். இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் கருவி நிரல்மொழிகளில் தயாராக இருக்கிறது. நிரலாளர் அதை நினைவாகப் பயன்படுத்தவேண்டும், அவ்வளவே. ஆனால் ‘கௌரி’யைக் ‘கெ’, ‘ள’, ‘ரி’ என்று தட்டச்சு செய்பவர்கள் பலர் இருக்கிறார்கள். அது வேறு எழுத்து. எந்தக் கருவியும் அதைத் தானாகத் திருத்தாது. அங்கே தேவைப்படுவது இலக்கண அறிவு.

எழுத்து எண்ணுவதோடு மட்டும் இச்சிக்கல் முடிவதில்லை. அறிவிப்புகளின் பட்டியலில் இடம் போதாதபோது, முதல் சில சொற்களைக் காட்டிவிட்டு மூன்று புள்ளிகள் வைப்பது வழக்கம். ஆங்கிலத்தில் ‘செய்யாதே’ என்பதற்குரிய சொல் வாக்கியத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடும். எங்கே வெட்டினாலும் அது தடை என்பது புரியும். தமிழில் வினை கடைசியில் வரும். மறுப்பு அதற்கும் கடைசியில். “இந்தக் கம்பியைத் தொடக் கூடாது” என்னும் எச்சரிக்கை, “இந்தக் கம்பியைத் தொட…” என்று கைத்தொலைபேசித் திரையில் தெரிந்தால்? அவசரத்தில் இருக்கும் ஊழியர் முழுவதையும் திறந்து படிப்பார் என்பதற்கு என்ன உறுதி? இதை எந்தக் கணக்கும் கண்டுபிடிக்காது. தமிழ் வாக்கியம் எப்படி ஓடும் என்று தெரிந்த ஒருவர் அந்தக் குழுவில் இருக்கவேண்டும். பாதுகாப்பு அறிவிப்பைச் சுருக்காமல் முழுதாகக் காட்டு, அல்லது ‘தடை’ என்று முதலில் தலைப்பிடு என்று சொல்ல அவரால்தான் முடியும்.

அப்படிப்பட்ட ஒருவர் இந்நகரில் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இருந்தார். தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராகப் பணியாற்றிய நா. கோவிந்தசாமி ஒரு சிறுகதை எழுத்தாளர். அன்று ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கென ஒரு வரிசையை வைத்திருந்தது. ஒருவர் அனுப்பியதை, அதே எழுத்துரு இல்லாத மற்றவர் திறந்தால் குப்பையாகத் தெரியும். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் இணையத்தில் ஏற்றும் முயற்சி நடந்தபோது, சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ முதலிய ஆய்வாளர்களோடு சேர்ந்து அவர் தமிழைத் திரைக்குக் கொண்டுவந்தார். அதிபர் ஓங் டெங் சியோங் அந்தத் தளத்தைத் தொடங்கிவைத்தார். 1997 மே மாதம் தமிழ் இணையத்துக்கென முதல் மாநாடும் இங்கேதான் நடந்தது. பல நாடுகளில் தனித்தனியே உழைத்தவர்கள் ஒன்றுகூடி, பொதுவான முறை வேண்டும் என்று பேசினார்கள். கோவிந்தசாமி 1999இல் காலமானார். மறு ஆண்டு சிங்கப்பூரில் மீண்டும் மாநாடு கூடியபோது ‘உத்தமம்’ என்னும் உலகத் தமிழ்த் தகவல்தொழில்நுட்ப மன்றம் உருவானது.

பிழைகள் அதன் பிறகும் நின்றுவிடவில்லை. 2017இல் தேசிய தின அணிவகுப்புக்கான துண்டுப் பிரசுரம் ஒன்றில் தமிழ் வாசகம் சிதைந்து அச்சானது. ஏற்பாட்டுக் குழு மன்னிப்புக் கேட்டுக்கொண்டது. அரசாங்கம் மொழிபெயர்ப்புக்கென ஒரு கணினிக் கருவியை உருவாக்கியது. 2022இல் அதையே பொதுமக்களும் சேர்ந்து பயன்படுத்தித் திருத்தம் சொல்லும் தளமாகத் திறந்துவிட்டது. இயந்திரம் தரும் தமிழ் வாக்கியத்தை மக்கள் படித்துப் பார்த்து, இதைவிட நல்ல சொல் இது என்று எழுதலாம். அதுவும் ஒரு கூட்டுப்பணித் தளமே.

எழுத்தை எழுத்தாகவே எண்ணும் கருவி ஒன்று உலாவிகளில் படிப்படியாக இடம்பெற்று, 2024இல் ஃபயர்பாக்ஸ் உலாவியிலும் வந்து சேர்ந்தது. ‘தமிழ்’ என்று கொடுத்தால் அது 3 என்கிறது. ஆனால் ‘ஸ்ரீ’ என்று கொடுத்தால் 2 என்கிறது; நாம் எழுதுவதோ ஒரே வடிவம். ஆகையால் பொறுப்புள்ள நிரலாளர் கருவியை மட்டும் நம்பி இருந்துவிடுவதில்லை. புதிய பக்கம் ஒவ்வொன்றையும் வெளியிடுமுன் சில சொற்களை அதில் இட்டுப் பார்க்கிறார். அவற்றுள் கொடி, கௌரி, ஸ்ரீ, மீனாட்சிசுந்தரம் நிச்சயம் இருக்கும்.

உங்களுடைய கணினியிலும் ஒன்று செய்து பார்க்கலாம். ‘தமிழ்’ என்று தட்டச்சு செய்து, அழிக்கும் விசையை ஒரே ஒருமுறை அழுத்துங்கள். சில செயலிகளில் ‘ழ்’ முழுவதும் போய்விடும். சிலவற்றில் புள்ளி மட்டும் போய், ‘தமிழ’ என்று நிற்கும். பிறகு அதே சொல்லைக் கைத்தொலைபேசியில் எழுதி, அங்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள்.