பை போட்டவர் கையில் கத்தரிக்கோல்

பை நிரந்தரமா, கொஞ்ச நாளைக்கா? ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டரிடம் எல்லோரும் கேட்பது இதைத்தான். வயிற்றில் எந்த இடத்தில் வரும் என்று கேட்கிறவர் குறைவு. மலக்குடல் புற்றுநோய்க்காக எனக்குக் கொலாஸ்டமி (பெருங்குடலை வயிற்றின் வழியே வெளியே திறந்து, மலத்தைப் பையில் பிடிக்கும் ஆபரேஷன்) செய்வதற்கு முந்தின நாள், ஸ்டோமா நர்ஸ் என்னைச் சேலை கட்டிக்கொண்டு வரச் சொன்னார். உட்காரவைத்து, நிற்கவைத்து, குனியவைத்துப் பார்த்தார். பாவாடை நாடா எங்கே இறுக்குகிறது, வயிறு எங்கே மடிகிறது, குனியாமலே எந்த இடம் என் கண்ணுக்குத் தெரிகிறது என்றெல்லாம் பார்த்துவிட்டு, மார்க்கரால் ஒரு புள்ளி வைத்தார். இன்றைக்கும் நான் நிம்மதியாகச் சேலை கட்டுவது அந்தப் புள்ளியால்தான். அவசர ஆபரேஷனில் இதற்கெல்லாம் நேரம் இருக்காது. தேதி குறித்துச் செய்வதென்றால் கேட்டு வாங்குங்கள். வேட்டி கட்டுகிறவர்களும்தான்.

ஸ்டோமா என்பது வயிற்றில் வெளியே திறந்திருக்கும் குடல்முனை. வாயின் உட்கன்னம் போலச் சிவந்து ஈரமாக இருக்கும். அதில் வலி உணரும் நரம்பு கிடையாது, தொட்டால் வலிக்காது. துடைக்கும்போது துளி ரத்தம் கசிந்தால் பயப்பட வேண்டாம். கறுத்தாலோ நீலம் பாய்ந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

பாடுபடுத்துவது பெரும்பாலும் ஸ்டோமா அல்ல, அதைச் சுற்றியுள்ள தோல். ஆபரேஷன் வீக்கம் வடிய ஆறேழு வாரம் ஆகும். அதுவரை ஸ்டோமா சுருங்கிக்கொண்டே வரும். பையைத் தாங்கித் தோலில் ஒட்டும் தட்டான ஃபிளேஞ்சை, ஆஸ்பத்திரியில் வெட்டிக் கொடுத்த அளவிலேயே வெட்டிக்கொண்டிருந்தால், இடைவெளியில் மலம் பட்டுத் தோல் வெந்துபோகும். வெந்த தோலில் ஃபிளேஞ்ச் ஒட்டாது. ஒட்டாததால் மறுபடி கசியும். ஆகவே ஒவ்வொரு தடவையும் அளந்து, ஸ்டோமாவைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக வெட்டுங்கள். புண் என்றதும் பக்கத்து வீட்டிலிருந்து தேங்காய் எண்ணெய் வரும். தயவுசெய்து வேண்டாம், எண்ணெய் பட்ட இடத்தில் எதுவும் ஒட்டாது. முகத்துக்குப் போடும் பவுடரும் அப்படித்தான். வெறும் தண்ணீரில் கழுவி, நன்றாக ஈரம் போகத் துடைத்து, ஒட்டிய பிறகு சில நிமிடம் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தால் போதும். காலையில் காப்பி குடிப்பதற்கு முன் மாற்றுவது உத்தமம், குடல் அப்போது அடங்கியிருக்கும். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்துவிடுங்கள். கனம் கூடினால் ஃபிளேஞ்சை இழுத்துவிடும்.

புதிதாகப் பை போட்டவர்களைப் பார்க்க நான் வார்டுக்குப் போவதுண்டு. தைரியம் சொல்லப் போவதில்லை. அதைச் சொல்ல ஊரே இருக்கிறது. எப்போதும் கட்டுகிற கைத்தறிச் சேலையில் போய் நிற்பேன். பை எங்கே என்று அவர்கள் கண்ணால் தேடுவார்கள். பிறகுதான் பேச்சு தொடங்கும். ஒரு சின்னப் பெண் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "அக்கா, இதோட கோயிலுக்குப் போலாமா?"

"நான் போறேன்மா. எல்லார் வயித்துக்குள்ளயும் இருக்கறதுதானே, நமக்கு வெளியே ஒரு கவர்ல இருக்கு" என்றேன். சிரித்துவிட்டாள்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருப்பேன். என்னுடையது பெருங்குடல், அந்தப் பெண்ணுக்குச் சிறுகுடலில் வைத்த இலியாஸ்டமி. என் பத்தியம் அவளுக்கு ஆகாது. எனக்கு மலச்சிக்கல் கவலை என்றால், அவளுக்குத் தண்ணீரும் உப்பும் வெளியேறிவிடும் கவலை. வெயில் காலத்தில் தலை சுற்றி, சிறுநீர் குறைந்தால் வெறும் தண்ணீர் போதாது, ஓஆர்எஸ் வேண்டும். பாக்கெட் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. தேங்காய்ச் சில்லு, மக்காச்சோளம், காளான் எல்லாம் கூழாக மென்று விழுங்க வேண்டும், இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும். பையில் எதுவும் வராமல் வயிறு முறுக்கிப் பிடித்தால் கைவைத்தியம் செய்யாமல் டாக்டரிடம் போக வேண்டும். பேதி மாத்திரை கூடவே கூடாது.

பக்கத்தில் இருப்பவர்கள் செய்யக்கூடியது நிறைய. இன்று நாம் ஒட்டும் பையே அப்படி வந்ததுதான். கசிவுக்குப் பயந்து வெளியே போகாமலிருந்த தன் சகோதரிக்காக டென்மார்க் நர்ஸ் எலிசே சோரன்சன் 1954இல் யோசித்தது அது. ஆனால் பை மாற்றுகிற வேலையை மொத்தமாக வீட்டார் எடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அதெல்லாம் அவ பாத்துக்குவா" என்று மனைவியைக் காட்டினார்.

"ஐயா, அவங்களுக்கு நாலு நாள் காய்ச்சல் வந்தா?" என்று கேட்டு, கத்தரிக்கோலை அவர் கையில் கொடுத்தேன். அட்டையில் வெட்டிப் பார்த்தார்; கோணலாக வந்தது. அடுத்தது பரவாயில்லை. மூன்றாவதை வெட்டிக்கொண்டே, இந்த விலை விற்கிற பையைக் கழுவித் திரும்பப் போடலாமா என்று கேட்டார். ஃபிளேஞ்சும் பையும் தனித்தனியாக வருகிற வகையில், கிளிப் போட்ட பையைக் கழுவி நிழலில் உலர்த்தி மாற்றி மாற்றிப் போடலாம், எண்ணெய்ப்பசை சோப்பு மட்டும் படக்கூடாது என்றேன். மனைவியிடம் அதைக் குறித்துக்கொள்ளச் சொன்னார்.