ரியல் டைம் ஷெட்யூலிங் படிக்க எங்கே தொடங்கலாம்?

நெய்வேலி அனல்மின் நிலையம் போன்ற இடங்களில், கட்டுப்பாட்டுக் கணினி சரியான விடையையே தாமதமாகத் தந்தாலும் பயனில்லை. எந்தப் பணி முதலில் என்று தீர்மானிக்கும் ஷெட்யூலிங்கை, சிதம்பரத்தில் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் துண்டு துண்டான வீடியோக்களில் தேட வேண்டாம். காரக்பூர் ஐஐடி பேராசிரியர் ராஜீப் மால் நடத்திய என்பிடெல் பாடம் இலவசம். முதலில் அதைக் கேளுங்கள்.

அடுத்து, லியூவும் லேலண்டும் 1973-இல் எழுதிய கட்டுரை. இன்றும் அதுதான் அடித்தளம். அடிக்கடி திரும்ப வரும் பணிக்கே முன்னுரிமை என்ற முறையில், ஒன்றையொன்று சாராத பணிகள் எத்தனை இருந்தாலும், பிராசஸர் பயன்பாடு சுமார் 69 சதவீதத்தைத் தாண்டாதவரை கெடு தவறாது என்று அது நிறுவியது. மூன்று பணிகளை வைத்துக் கையாலேயே கணக்குப் போட்டுப் பாருங்கள். நூலகத்தில் ரியல் டைம் ஷெட்யூலிங் பற்றிய புட்டாஸோவின் நூலைக் கேளுங்கள். செய்து பார்க்க ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற ரியல் டைம் இயங்குதளம் இலவசமாகவே கிடைக்கிறது.